நீலம் பாரித்த குழாய்

மேல்கோட்டை தமிழர்களுக்குப் புதிய ஊர் அல்ல. ராமானுஜர் சோழ நாட்டை விட்டு வந்து பன்னிரண்டு ஆண்டுகள் தங்கிய திருநாராயணபுரம் என்று வைணவக் குடும்பங்களில் சொல்வார்கள். செல்லப்பிள்ளை, பங்குனி மாத வைரமுடி சேவை, கல்யாணித் தீர்த்தம், மலை மேல் யோக நரசிம்மர், பிறகு புளியோதரை. மைசூரிலிருந்து ஸ்ரீரங்கப்பட்டணம், பாண்டவபுரம் வழியாகச் சுமார் 50 கி.மீ. தூரம். கடைசிச் சில கிலோமீட்டர்களில் பாதை பாறைகளுக்கு நடுவே வளைந்து ஏறும்.

இந்த ஏற்றத்தில் ஞாயிற்றுக்கிழமைகளில் வேறொரு வகை யாத்ரீகர்களையும் பார்க்கலாம். 'டப் டப்' என்ற சத்தத்தோடு, பின்னால் இரு பக்கமும் நீலப்புகை விட்டபடி பழைய ஜாவாக்களும் யெஸ்டிகளும் மலையேறுகின்றன. கல்யாணி அருகில் வண்டியை நிறுத்தியதும் சொந்தக்காரர்களின் பார்வை முதலில் போவது கோபுரத்தின் மேல் அல்ல, சைலன்ஸர் குழாயின் மேல்தான். கீழே மைசூரில் கிளம்பும்போது வெள்ளிபோல் இருந்த குழாய், சிலிண்டரிலிருந்து வெளிவரும் வளைவில் வைக்கோல் நிறமாகி, அதற்கப்பால் பழுப்பு, கத்தரிப்பூ, மயில் கழுத்து நீலம் என்று நிறம் மாறியிருக்கும். "அழுக்கு பிடித்துவிட்டது" என்று கைக்குட்டையை எடுப்பவர்கள் உண்டு. அவசரப்படுகிறவர் குளிராத குழாயில் கையைச் சுட்டுக்கொள்வார். பொறுமைசாலி வீட்டுக்குப் போய்ப் புளியையும் உப்பையும் தேடுவார். இரண்டுமே தப்பு. புளி உப்பினால் வரும் கெடுதல் பிறகுதான் தெரியும்.

மேல்கோட்டை மலைக்கு யதுகிரி என்றும் யாதவகிரி என்றும் பெயர் உண்டு. மைசூர் நகரத்திலும் யாதவகிரி என்று ஒரு பகுதி இருக்கிறது. இந்த வண்டிகள் பிறந்தது அங்கேதான். செக்கோஸ்லோவாகியாவின் ஜாவா நிறுவனத்தோடு சேர்ந்து ஐடியல் ஜாவா தொழிற்சாலை 1961ல் அங்கே உற்பத்தியைத் தொடங்கியது. 'ஜாவா' என்ற பெயருக்கும் இந்தோனேசியத் தீவுக்கும் சம்பந்தமில்லை. 1929ல் நிறுவனத்தை ஆரம்பித்த யானெசெக் என்பவரின் பெயரையும், அவர் வாங்கிய வாண்டரர் மோட்டார் சைக்கிளின் பெயரையும் இரண்டிரண்டு எழுத்தாக வெட்டி ஒட்டியது அது. எழுபதுகளில் மைசூர் வண்டிக்கு 'யெஸ்டி' என்று பெயர் மாறியது. 1996ல் தொழிற்சாலை மூடப்பட்டது. 2018ல் ஜாவாவும் 2022ல் யெஸ்டியும் வேறு நிறுவனத்தின் கையில் மறுபடி சந்தைக்கு வந்தன. ஆனால் அவை நான்கு ஸ்ட்ரோக் எஞ்ஜின் கொண்ட புது வண்டிகள். மைசூரில் செய்யப்பட்டவையும் அல்ல.

பழைய வண்டியின் தனி அடையாளங்களில் ஒன்று, கிக்கரே கியர் லீவராகவும் வேலை செய்வது. இன்னொன்று அந்த இரட்டைக் குழாய். 250 சி.சி.யில் ஒரே ஒரு சிலிண்டர்தான். அதற்கு இரண்டு வாசல், இரண்டு குழாய், இரண்டு சைலன்ஸர். வண்டியின் அழகில் பாதி அதில் இருந்தது. இன்று தலைவலியில் பாதியும் அதில்தான். அசல் குழாய் செய்த தொழிற்சாலை இல்லை. இருப்பதைக் காப்பாற்றியாக வேண்டும்.

காப்பாற்றுவதற்கு முன்னால் அது எந்த உலோகம் என்று தெரிய வேண்டும். நம் ஊரில் பளபளப்பாக இருப்பதையெல்லாம் 'ஸ்டீல்' என்றோ 'எவர்சில்வர்' என்றோ சொல்லிவிடுகிறோம். யெஸ்டியின் குழாய் எவர்சில்வர் அல்ல. அது சாதாரண இரும்புக் குழாய். அதன் மேல் நிக்கல் பூச்சு. அதற்கும் மேலே குரோமியப் பூச்சு. அந்தக் காலத்துப் புல்லட், ராஜ்தூத் எல்லாம் இதே ஜாதி. முழுக்க எவர்சில்வரில் செய்த குழாய்கள் இந்தியச் சாலைகளில் அதிகமாகத் தென்படத் தொடங்கியது பின்னால்தான். விலை கூடிய புது வண்டிகளிலும், பழைய வண்டிகளுக்கென்று பட்டறைகளில் வளைத்துக் கொடுக்கும் குழாய்களிலும் இப்போது அதைப் பார்க்கலாம். மேல்கோட்டையில் அருகருகே நிற்கும் இரண்டு வண்டிகளில் ஒன்றின் குழாய் குரோம் பூசிய இரும்பாகவும், மற்றது எவர்சில்வராகவும் இருக்கக்கூடும். இரண்டும் நீலம் பாரித்திருக்கும். வைத்தியம் மட்டும் ஒன்றல்ல.

காந்தம் வைத்துப் பார் என்பார்கள் மெக்கானிக்குகள். பாதி சரி. சமையலறைப் பாத்திரத்துக்குப் பயன்படும் 18-8 ரக எவர்சில்வரில், அதாவது 18 சதவீதம் குரோமியமும் 8 சதவீதம் நிக்கலும் கலந்ததில், காந்தம் ஒட்டாது. குரோம் பூசிய இரும்பில் பட்டென்று ஒட்டும். ஆனால் வண்டிக் குழாய்களுக்கென்றே மலிவாகச் செய்யப்படும் 409 என்ற ரகம் இருக்கிறது. அதில் குரோமியம் 11 சதவீதம் அளவில்தான், நிக்கல் அனேகமாகக் கிடையாது. அதுவும் எவர்சில்வர் குடும்பம்தான், ஆனால் காந்தம் ஒட்டும். மேலே லேசாகப் பழுப்புத் துருவும் பிடிக்கும். "எவர்சில்வர் என்று சொல்லி ஏமாற்றிவிட்டான்" என்று கடைக்காரரோடு சண்டைக்குப் போனவர்கள் பலர் இந்த 409ஐ வாங்கியவர்களாகவே இருப்பார்கள். காந்தம் ஒட்டினால், குழாயின் உள்விளிம்பையோ அறுத்த ஓரத்தையோ சுரண்டிப் பார்ப்பது நல்லது. பூச்சு என்றால் அங்கே தெரிந்துவிடும்.

இனி நிறத்துக்கு வருவோம். அடுப்பில் எவர்சில்வர் பாத்திரத்தை வைத்துவிட்டு மறந்துபோன எந்த வீட்டிலும் இந்த நிறங்களைப் பார்த்திருப்பார்கள். தண்ணீர் சுண்டி, வெறும் பாத்திரம் காய்ந்து, அடியில் வானவில் மாதிரி வளையங்கள். தேய்த்தாலும் போகாது. அழுக்காக இருந்தால்தானே போவதற்கு? அது உலோகத்தின் மேல் தோல். வெப்பத்தில் தடித்துவிட்டது.

எவர்சில்வர் துருப்பிடிக்காமல் இருப்பதன் ரகசியமே இந்தத் தோல்தான். இரும்போடு பத்தரை சதவீதத்துக்கு மேல் குரோமியம் சேர்ந்தால், அது காற்றிலுள்ள ஆக்ஸிஜனோடு சேர்ந்து தன் மேல் ஒரு மெல்லிய போர்வையை விரித்துக்கொள்கிறது. ஒரு மில்லிமீட்டரை மூன்று, நான்கு லட்சம் கூறு போட்டால் ஒரு கூறு எவ்வளவோ, அவ்வளவு கனம். கண்ணுக்குத் தெரியாது. கீறினாலும் காற்றுப் பட்டவுடன் தானாக மூடிக்கொள்ளும். 1913ல் இங்கிலாந்தின் ஷெஃபீல்டு நகரத்தில் ஹாரி பிரேர்லி என்பவர் கிட்டத்தட்ட 13 சதவீதம் குரோமியம் கலந்து ஒரு எஃகை வார்த்தார். அவர் தேடியது சமையல் பாத்திரத்துக்கான உலோகத்தை அல்ல. துப்பாக்கிக் குழல்கள் உள்ளே பாயும் சூடான வாயுவால் அரித்துப் போகின்றன, அதைத் தடுக்க வழி உண்டா என்று பார்த்துக்கொண்டிருந்தார். சோதனைக்காக அமிலத்தில் வைத்த துண்டு அரிக்காமல் நின்றதுதான் அவர் கண்ணில் பட்டது. சூடான வாயு போகும் குழலுக்காக ஆரம்பித்த தேடல் கத்தி, கரண்டி, டம்ளர் என்று சுற்றிவிட்டு இப்போது மறுபடி சூடான வாயு போகும் குழலுக்கே வந்து சேர்ந்திருக்கிறது.

சூடு ஏறினால் இந்தப் போர்வை கனத்துக்கொண்டே போகிறது. கனக்கும்போது அதன் மேற்பரப்பிலிருந்து திரும்பும் ஒளியும், அடியிலுள்ள உலோகத்திலிருந்து திரும்பும் ஒளியும் ஒன்றோடொன்று மோதிச் சில நிறங்கள் அணைந்து சில நிறங்கள் எடுப்பாகத் தெரிகின்றன. மழைத் தண்ணீர்மேல் சிந்திய பெட்ரோலில் நிறங்கள் நெளிவதும், சோப்புக் குமிழி மினுங்குவதும் இதே காரணத்தால்தான். நீலம் என்று ஒரு சாயமும் அங்கே இல்லை. 18-8 ரகத்தைக் காற்றில் சூடாக்கினால் 290 டிகிரி செல்சியஸில் வெளிர்மஞ்சள் எட்டிப்பார்க்கும். 340ல் வைக்கோல் நிறம், 390ல் பழுப்பு, 450ல் கருங்கத்தரி, 540ல் நீலம், 600ல் கருநீலம். எவ்வளவு நேரம் சூட்டில் இருந்தது என்பதைப் பொறுத்துக் கொஞ்சம் முன்னே பின்னே இருக்கும். குரோம் பூச்சிலும் இதே கதைதான். டிகிரிக் கணக்கு சற்று மாறும். ஆக, மேல்கோட்டையில் நிற்கும் வண்டியின் குழாய் ஒரு தெர்மாமீட்டர் போல. அன்றைய ஏற்றத்தில் எந்த இடம் எவ்வளவு சுட்டது என்று எழுதி வைத்திருக்கிறது. அதைத் துடைத்தெறிவதற்கு முன் ஒரு தடவை படித்துவிடுவது புத்திசாலித்தனம்.

சிலிண்டரை ஒட்டி ஓரிரண்டு விரற்கடைக்கு வைக்கோல் நிறம் ஏறுவது எந்த வண்டிக்கும் சகஜம். புதிதாகப் போட்ட குழாய் ஒரே வாரத்தில் கருநீலம் ஆகிறது, நீலம் கீழ்நோக்கிப் பரவிக்கொண்டே போகிறது என்றால் எஞ்ஜினில் கோளாறு. பெரும்பாலும் கார்புரேட்டரில் பெட்ரோல் குறைந்து காற்று கூடியிருக்கும். ஜெட் அடைத்திருக்கலாம், கார்புரேட்டருக்கும் சிலிண்டருக்கும் நடுவிலுள்ள பேக்கிங் விட்டுப்போய்க் காற்று திருட்டுத்தனமாக நுழையலாம். அல்லது பாயிண்ட் தேய்ந்து ஸ்பார்க் தாமதமாக விழும். சிலிண்டருக்குள் எரிந்து முடிய வேண்டிய வாயு, எரிந்துகொண்டே குழாய்க்குள் வந்துவிடும்.

இரண்டு ஸ்ட்ரோக் வண்டிக்காரர்கள் இதை அலட்சியப்படுத்தக் கூடாது. இந்த எஞ்ஜின்களில் ஆயில் பெட்ரோலோடு கலந்துதான் உள்ளே போகிறது. பெட்ரோல் குறைந்தால் ஆயிலும் குறையும். சூடு கூடும் அதே நேரத்தில் மசகு குறைகிறது. பின்னால் ஒருவரை உட்கார வைத்துக்கொண்டு, இரண்டாவது கியரில், வெயிலில் மலையேறும்போது பிஸ்டன் சிலிண்டரோடு பிடித்துக்கொண்டால் பின்சக்கரம் சட்டென்று நின்றுவிடும். பக்கத்தில் பஸ் வந்துகொண்டிருந்தால் என்ன ஆகும் என்று சொல்ல வேண்டியதில்லை. இந்த ஆபத்தைக் குழாய் நீலம் பாரித்துப் பல நாள் முன்பே காட்டிக்கொண்டிருக்கும். சொந்தக்காரர் அதை ஒவ்வொரு ஞாயிறும் பாலிஷ் போட்டு அழித்துக்கொண்டிருப்பார்.

யெஸ்டியில் இன்னொரு சௌகரியம் உண்டு. ஒரே சிலிண்டரின் புகை இரண்டு குழாயில் பிரிவதால், இரண்டும் ஏறத்தாழ ஒரே நிறத்தில் இருக்க வேண்டும். ஒன்று வெளுப்பாகவும் மற்றது நீலமாகவும் இருந்தால், வெளுப்பாக இருக்கும் பக்கத்துச் சைலன்ஸரில் கார்பன் அடைத்திருக்கிறதா என்று பார்க்கலாம். புகை எப்போதும் சுலபமான வழியைத்தான் தேடும்.

கோளாறைச் சரிசெய்தாகிவிட்டது, நிறம்தான் போகவேண்டும் என்றால், முதலில் எவர்சில்வர் குழாயைப் பார்க்கலாம். குழாய் முழுக்க ஆறியிருக்க வேண்டும். சுடச்சுடத் தண்ணீர் ஊற்றினால் கறை கோடு கோடாக நிற்கும். சோப்புத் தண்ணீரால் மண்ணையும் எண்ணெயையும் கழுவி, துடைத்து, காயவிட வேண்டும். இந்தப் படியைத் தாண்டிக் குதிப்பவர்கள்தான் அதிகம். மண்ணோடு சேர்த்துப் பாலிஷ் தேய்த்தால் அது உப்புத்தாள் போட்டுத் தேய்ப்பதற்குச் சமம்.

வெளிர்மஞ்சளும் வைக்கோல் நிறமும் மெல்லிய அமிலத்துக்கே ஓரளவு இளகும். எலுமிச்சையில் இருக்கும் சிட்ரிக் அமிலம், வினிகர், அல்லது கடைகளில் எவர்சில்வருக்கென்று விற்கும் ஆக்ஸாலிக் அமிலம் கலந்த பொடி. துணியில் தொட்டு, சில நிமிஷம் வைத்து, நிறையத் தண்ணீர் விட்டு அலச வேண்டும். ஆக்ஸாலிக் அமிலம் விஷம். கைக்கு ரப்பர் உறை தேவை, குழந்தைகள் கைக்கு எட்டக் கூடாது. நீலமும் கருநீலமும் இதற்கெல்லாம் மசியாது. அங்கே உராய்ந்துதான் எடுக்க வேண்டும். மெட்டல் பாலிஷும் மிருதுவான துணியும், போதாவிட்டால் நைலான் நார். தேய்க்கும் திசை முக்கியம். பளபளப்பாக இல்லாமல் கோடு கோடாக மங்கல் மெருகு கொடுத்த குழாய்களில், கோடு ஓடும் திசையிலேயே தேய்க்க வேண்டும். வட்டமாகத் தேய்த்தால் தேய்த்த இடம் வெயிலில் தனியாகத் தெரியும். கண்ணாடி மாதிரி மெருகு வேண்டுமானால் வாட்டர் பேப்பரில் தொடங்கிப் பஃபிங் சக்கரம் வரை போகலாம். பாத்திரக் கடைக்காரர்களுக்கு அந்தப் பட்டறைகள் எங்கே என்று தெரியும்.

இப்படித் தேய்த்தால் உலோகம் கெடாதா? எவர்சில்வரைப் பொறுத்தவரை பயமில்லை. தடித்த தோல் போனதும் அடியிலுள்ள உலோகம் காற்றிலிருந்து புதிய மெல்லிய தோலைத் தானே நெய்துகொள்ளும். மேல்கோட்டைக்கு அடுத்த முறை போய்வந்தால் மறுபடி நீலமாகும், மறுபடி தேய்க்கலாம். குழாயின் கனம் தாங்கும்வரை இந்த விளையாட்டு நடக்கும்.

கெடுப்பவை வேறு. முதலாவது, கம்பி நார். பாத்திரம் தேய்க்கும் இரும்பு நாரின் துணுக்குகள் எவர்சில்வரில் பதிந்து, இரண்டு நாளில் அவை துருப்பிடித்து, குழாயே துருப்பிடித்த மாதிரி புள்ளி புள்ளியாகக் காட்டும். இரண்டாவது, குளியலறை கழுவும் ஆசிட். பல பட்டறைகளில் இதுதான் சர்வரோக நிவாரணி. அதிலிருக்கும் ஹைட்ரோகுளோரிக் அமிலம் எவர்சில்வரின் பரம எதிரி. குளோரைடு அந்தப் பாதுகாப்புத் தோலை ஊசி குத்தினாற்போலத் துளைத்து உள்ளே போய்விடும். ப்ளீச்சிங் பவுடரும் அப்படியே. மூன்றாவது, புளியும் உப்பும். பித்தளைக் குத்துவிளக்குக்கும் செப்புக் குடத்துக்கும் அது அற்புதமான வைத்தியம். செம்பின் கறுப்பைப் புளியின் அமிலம் கரைத்துவிடும், உப்பு அதற்குத் துணை போகும். பாட்டி சொன்னதில் பிழையில்லை. பாட்டி சொன்னது பித்தளைக்கு. எவர்சில்வரில் அந்த உப்பும் குளோரைடுதான். சரியாக அலசாமல் விட்ட உப்பு, அடுத்த சவாரியில் குழாய் சூடேறும்போது தன் வேலையைக் காட்டும். மேல்கோட்டைப் புளியைப் புளியோதரைக்கே விட்டுவிடலாம்.

வெல்டிங் பட்டறைகளில் எவர்சில்வர்த் தையலைச் சுத்தம் செய்ய ஒரு பசை வைத்திருப்பார்கள். நைட்ரிக் அமிலமும் ஹைட்ரோஃப்ளோரிக் அமிலமும் கலந்தது. பூசிய கொஞ்ச நேரத்தில் நீலமெல்லாம் மாயமாகும். அதனால் "அண்ணே, கொஞ்சம் கொடுங்க" என்று சின்னக் கிண்ணத்தில் வாங்கிப் போகிறவர்கள் இருக்கிறார்கள். ஹைட்ரோஃப்ளோரிக் அமிலம் தோலில் பட்டால் ஆரம்பத்தில் எரிச்சல்கூடத் தெரியாமல் போகலாம். அது உள்ளே இறங்கி உடம்பின் கால்சியத்தைப் பிடித்துக்கொள்ளும். கொஞ்சம் அதிகமாகப் பட்டாலே உயிருக்கு ஆபத்து. கால்சியம் குளுக்கோனேட் களிம்பு கையில் இல்லாத இடத்தில் இதைத் திறக்கவே கூடாது. ஞாயிற்றுக்கிழமை பளபளப்புக்கு இது தேவையில்லை.

குரோம் பூசிய அசல் யெஸ்டி குழாய்க்கு வரும்போது கணக்கு தலைகீழாகிறது. மேலே இருக்கும் குரோமியம் ஒரு மில்லிமீட்டரில் இரண்டாயிரத்தில் ஒரு பங்கு, சில சமயம் நாலாயிரத்தில் ஒரு பங்குதான். கடினமான உலோகம், ஆனால் அவ்வளவுதான் இருக்கிறது. அதற்கு அடியிலுள்ள நிக்கல் பூச்சு பல மடங்கு கனம். ஆனால் மிருதுவானது, சூட்டில் மங்கும். நீலத்தை எடுக்கிறேன் என்று ஒவ்வொரு முறையும் உரசும்போது அந்த இரண்டாயிரத்தில் ஒரு பங்கிலிருந்துதான் செலவாகிறது. எவர்சில்வர் மாதிரி உள்ளிருந்து மறுபடி வராது. ஒரு நாள் குழாயின் வளைவில் லேசான மஞ்சள் தெரியும். எவ்வளவு தேய்த்தாலும் நகராது. கறை என்று நினைத்து இன்னும் அழுத்தித் தேய்ப்பார்கள். உண்மையில் அது நிக்கல். குரோம் போய்விட்டது என்று அர்த்தம். அதற்குப் பிறகு ஒரு மழைக்காலம் போதும், இரும்பு வரைக்கும் துரு இறங்கிவிடும்.

ஆகையால் குரோமில் நீலத்தை அப்படியே விட்டுவிடுவது பல சமயம் உத்தமம். துருப்புள்ளிகளை மட்டும் எடுக்கலாம். அதற்கு அலுமினியத் தாள் நல்ல கருவி. ஹோட்டலில் சப்பாத்தி சுற்றித் தரும் அதே தாள். கசக்கி, தண்ணீரில் நனைத்து, மெதுவாகத் தேய்த்தால் துரு வரும். அலுமினியம் குரோமைவிட மிகவும் மிருது என்பதால் கீறல் விழாது. அப்புறம் கழுவி, துடைத்து, காரின் மேல்பூச்சுக்குப் போடும் மெழுகைச் சைலன்ஸரின் பின்பகுதியில் மெல்லியதாகத் தடவலாம். சூடேறும் முன்பகுதியில் மெழுகு நிற்காது, புகைந்து கறையாகும்.

ஒரு சில்லறைத் தொல்லையும் உண்டு. சூடான குழாயில் மழைக் கோட்டோ, பிளாஸ்டிக் பையோ, நைலான் சேலையின் ஓரமோ பட்டு உருகி ஒட்டிக்கொள்வது. கத்தியால் சுரண்டினால் குரோமும் சேர்ந்து வரும். எஞ்ஜினைக் கொஞ்ச நேரம் ஓட்டி, பிளாஸ்டிக் இளகியதும் நிறுத்திவிட்டு, ஈர மரக்குச்சியால் தள்ளிவிடுவதுதான் வழி. கைக்குக் கனத்த துணி வேண்டும்.

குரோமைக் கொல்லும் பழைய வழக்கம் இன்னொன்று. இரண்டு ஸ்ட்ரோக் சைலன்ஸருக்குள் எரியாத ஆயிலும் கரியும் சேர்ந்து தார் மாதிரி அடைத்துக்கொள்ளும். வண்டி இழுக்காது. மைசூர் வண்டிகளில் பின்முனையைக் கழற்றினால் உள்குழாய் தனியாக வந்துவிடும். அதை மட்டும் எரித்தோ காஸ்டிக் சோடாக் கரைசலில் ஊறவைத்தோ சுத்தம் செய்ய வேண்டும். காஸ்டிக் சோடா அலுமினியத்தில் பட்டால் அதையே கரைத்துவிடும், கண்ணில் தெறித்தால் பார்வை போகும், ஜாக்கிரதை தேவை. ஆனால் கழற்றச் சோம்பல்பட்டு முழுச் சைலன்ஸரையும் நெருப்பில் போட்டவர்கள் ஏராளம். கரி போனது. கூடவே நாற்பது வருஷக் குரோமும் உரிந்து போனது.

"உரிந்தால் என்ன, திரும்பவும் பூசிக்கொண்டால் ஆயிற்று" என்பது அடுத்த வாதம். பூசலாம். பெரிய நகரங்களின் தொழிற்பேட்டைகளில் எலெக்ட்ரோபிளேட்டிங் பட்டறைகள் இருக்கின்றன. பழைய பூச்சை அமிலத்தில் உரித்து, இரும்பை மெருகேற்றி, நிக்கல் தொட்டியில் முக்கி, கடைசியில் குரோமிக் அமிலத் தொட்டியில் முக்குவார்கள். அந்தக் கடைசித் தொட்டியில்தான் விஷயம் இருக்கிறது. குழாயின் மேல் உட்கார்ந்திருக்கும் குரோமியம் சாது. அதன் மேல் வெப்பத்தில் விளையும் நிறத்தோலும் ஆபத்தில்லாதது. தொட்டியில் கரைந்திருக்கும் குரோமியம், வேதியியல்காரர்கள் ஆறு இணைதிறன் கொண்டது என்று சொல்லும் வகை, புற்றுநோய் உண்டாக்குவது. மின்சாரம் பாயும்போது தொட்டியிலிருந்து எழும் மெல்லிய சாரலைச் சுவாசித்துக்கொண்டே வேலை செய்தவர்களுக்கு மூக்கின் நடுச்சுவரில் ஓட்டை விழுந்ததை மருத்துவர்கள் நூறாண்டுக்கும் மேலாகப் பதிவு செய்து வருகிறார்கள். ஐரோப்பிய ஒன்றியம் 2017 செப்டம்பருக்குப் பிறகு தனி அனுமதியில்லாமல் இந்தத் தொட்டிகளை நடத்தக் கூடாது என்று சொல்லிவிட்டது.

இந்த வகைக் குரோமியம் மண்ணில் இறங்கினால் என்ன ஆகும் என்பதற்குத் தமிழர்கள் ஐரோப்பாவைப் பார்க்க வேண்டியதில்லை. ராணிப்பேட்டை சிப்காட்டில் இயங்கிய தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்ட் கெமிக்கல்ஸ் தொழிற்சாலை 1995ல் மூடப்பட்டபோது ஒன்றரை லட்சம் டன்னுக்குக் குறையாத கழிவு அங்கே குவிந்து கிடந்தது. அங்கே தயாரான ரசாயனங்கள் முக்கியமாகத் தோல் பதனிடுவதற்குப் போனவை, குழாய் பூசுவதற்கு அல்ல. ஆனால் குரோமியம் அதே குரோமியம். மழை பெய்தபோதெல்லாம் மஞ்சளாக வழிந்தது, நிலத்தடி நீருக்கு இறங்கியது. தொழிற்சாலை மூடிப் பல பத்தாண்டுகள் கழித்தும் அந்தக் குவியலை என்ன செய்வது என்ற பேச்சு நடந்தது. யாரோ ஒருவர் தன் யெஸ்டியின் குழாயை ஒரு தரம் புதுப்பிப்பதால் இன்னொரு ராணிப்பேட்டை உருவாகிவிடாது. ஆனால் கழிவுநீரைச் சாக்கடையில் விடும் சின்னப் பட்டறையில், கையுறைகூட இல்லாமல் நிற்கும் பையனின் கையில்தான் அந்தக் குழாய் போய்ச் சேர்கிறது. எங்கே கொடுக்கிறோம், அங்கே சாரலை உறிஞ்சும் வசதி இருக்கிறதா, கழிவு எங்கே போகிறது என்று கேட்பதற்கு வண்டிக்காரருக்கு எல்லா உரிமையும் உண்டு. மலிவாகச் செய்பவர் எதில் மிச்சம் பிடிக்கிறார் என்பது அந்தக் கேள்வியிலேயே தெரிந்துவிடும்.

இந்தச் சங்கடங்களால்தான் சிலர் அசல் குழாயைக் கழற்றித் துணியில் சுற்றிப் பரணில் வைத்துவிட்டு, ஓட்டுவதற்கு எவர்சில்வரில் ஒரு ஜோடி செய்து மாட்டுகிறார்கள். மைசூர் வண்டியின் பக்தர்கள் சிலருக்கு இது பிடிக்கவில்லை. அசல் என்றால் முழுக்க அசலாக இருக்க வேண்டும் என்பது அவர்கள் கட்சி. ஓடாத வண்டியில் அசல் குழாய் இருந்து யாருக்கு லாபம் என்பது மற்றவர்கள் கட்சி. இரண்டாவது கட்சியில்தான் நியாயம் அதிகமாகத் தெரிகிறது. பெரிய வண்டிகளில் இப்போது குழாய்க்குள் குழாய் வைத்து, உள்குழாய் சுட்டாலும் வெளிக்குழாய் நிறம் மாறாதபடி செய்வதும் உண்டு. சாதாரண வண்டிகளில் அந்தக் கவலையே இல்லை. 2020 ஏப்ரலில் பி.எஸ். 6 விதி வந்தபிறகு வினையூக்கிக் கலன், சென்ஸர் என்று குழாயில் ஏகப்பட்ட சாமான்கள். எல்லாவற்றையும் கறுப்பு வண்ணத்தில் மூடிவிட்டார்கள். எவ்வளவு சுட்டாலும் வெளியே ஒன்றும் தெரியாது.

ஜூலையில் மைசூர்ப் பக்கம் மேகம் இறங்கத் தொடங்கும்போதுதான் ஜாவா, யெஸ்டிக்காரர்கள் ஊர் ஊராகக் கூடித் தங்கள் தினத்தைக் கொண்டாடுகிறார்கள். மழைக்காலத்தில் வண்டியைச் சில வாரம் நிறுத்தி வைப்பவர்கள் குழாய் முழுக்க மெல்லிய எண்ணெய் தடவி வைப்பது நல்ல பழக்கம். மறுபடி கிளப்பும் முன் அதைச் சுத்தமாகத் துடைத்துவிட வேண்டும். துடைக்காமல் கிக்கரை உதைத்தால், மேல்கோட்டை ஏற்றம் வருவதற்குள் எண்ணெய் குழாயோடு வெந்து, தடவிய விரல்களின் தடம் உட்படப் பழுப்பாகப் படிந்துவிடும். அந்தக் கறை எவர்சில்வரில் பாலிஷுக்குப் போய்விடும். குரோமில் அதை எடுப்பதற்கும் அதே இரண்டாயிரத்தில் ஒரு பங்கிலிருந்துதான் கொடுக்க வேண்டும்.